நூலகரை அளக்கும் கோல் எது? தமிழ் நூற்பட்டியல் மரபும் உயர்கல்விப் பதவி மதிப்பீடும்

தேக்காவிலிருந்து விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகத்துக்கு நடந்து செல்ல அரைமணி நேரம் போதும். சிராங்கூன் சாலையின் பூக்கடைகளையும் மளிகைக் கடைகளையும் கடந்து செல்லும் அந்த நடையை நாம் மாணவப் பருவத்திலும், பின்னர் ஆசிரியப் பருவத்திலும், இப்போது ஓய்வுக் காலத்திலும் மேற்கொண்டு வருகிறோம். நூலகத்தை அடைந்ததும் நாம் தேடும் தமிழ் நூல் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. அது கிடைப்பது இயல்பென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அந்த இயல்புக்குப் பின்னால் ஒருவருடைய கல்வியும் உழைப்பும் உள்ளன என்பதைக் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம். அவ்வுணர்வே இவ்வுரைக்குக் காரணம்.

கல்வி நிறுவனங்களில் பணியாற்றும் நூலகரைப் புலமையாளர் என்று கொள்வதா, அலுவலர் என்று கொள்வதா? புலமையாளர் என்றால் அவருடைய புலமையை எவ்வாறு மதிப்பிடுவது? அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளில் நூலகருக்குப் பணி நிலைப்பேறு வழங்கும் குழுக்கள் ஆண்டுதோறும் இக்கேள்வியை எதிர்கொள்கின்றன. பணி நிலைப்பேறு என்பது, ஒரு தேர்வுக்காலத்துக்குப் பின் தக்க காரணமும் முறையான விசாரணையுமின்றி நீக்க இயலாத நிலையில் ஒருவரை அமர்த்துவதாகும். நமக்கு இது தொலைவான செய்தி போலத் தோன்றலாம். ஆனால் இதன் வேர் ஒன்று சென்னையிலும், மற்றொன்று சிங்கப்பூர், கோலாலம்பூர் நகரங்களின் தமிழ்க் கல்வி வரலாற்றிலும் ஊன்றியுள்ளது. அவ்வேர்களைத் தேடிப் பார்ப்போம்.

1. பட்டியலும் ஒரு படைப்பே

ஆசிரியர் வகுப்பறையில், "சதாசிவ பண்டிதர் இயற்றிய சிங்கை நகர் அந்தாதி 1887-இல் வெளிவந்தது" என்று ஒரு தொடர் கூறுகிறார். மாணவர் அதனைக் குறித்துக்கொள்கிறார். இந்த ஒரு தொடர் உருவாகப் பலர் உழைத்திருக்க வேண்டும். அச்சிட்ட நூலொன்று எங்கோ காக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் முகப்புப் பக்கத்தைத் தமிழ் அறிந்த ஒருவர் படித்திருக்க வேண்டும். ஆசிரியர் பெயர், ஊர், அச்சகம், ஆண்டு ஆகியவற்றைப் பிரித்தறிந்து பதிந்திருக்க வேண்டும். பதிவில்லாத நூல், இருந்தும் இல்லாத நூலே.

தமிழ் அச்சு நூல்களுக்கு அடைவு செய்யும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. ஜான் மர்டாக் தொகுத்த தமிழ் அச்சு நூல்களின் வகைப்படுத்திய பட்டியல் 1865-இல் சென்னையில் வெளியானது. பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்திலிருந்த தமிழ் நூல்களுக்கு எல்.டி. பார்னெட்டும் ஜி.யூ. போப்பும் செய்த பட்டியல் 1909-இல் வந்தது. பார்னெட்டின் துணைப்பட்டியல் 1931-இல் தொடர்ந்தது. போப் என்றவுடன் திருக்குறள், திருவாசக மொழிபெயர்ப்புகளே நம் நினைவுக்கு வருகின்றன. அவர் ஒரு நூற்பட்டியலின் ஆசிரியரும் ஆவார் என்பதை நம்முள் எத்தனை பேர் மாணவர்க்குச் சொல்லியிருக்கிறோம்?

சிங்கப்பூருக்கு இதில் தனி இடமுண்டு. நீரிணைக் குடியேற்றங்களில் 1886-ஆம் ஆண்டு நூற்பதிவுச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அச்சிடும் நூல்களைப் பதிந்து படிகளை ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. காலனித்துவ அரசு தன் கண்காணிப்புக்காகச் செய்த ஏற்பாடாகவும் அதனைக் காணலாம். எனினும் அதன் விளைவாக இங்கு அச்சான தமிழ் நூல்களின் பெயர்கள் அரசுப் பதிவேட்டில் ஏறின. படிகள் சில கடல் கடந்து காப்புப் பெற்றன. அடுத்த ஆண்டான 1887-இல்தான் சி.கு. மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கினார். 1890 வரை நடந்த அவ்விதழ் நமக்கு இன்று படிக்கக் கிடைக்கிறது. கிடைப்பதால்தான் அக்காலச் சிங்கப்பூர்த் தமிழரின் உரைநடை, வணிகம், பூசல், பொழுதுபோக்கு ஆகியவை பற்றி நாம் எழுத முடிகிறது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பணி பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. 1949-இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியது. அங்கு அமையவிருந்த இந்திய இயல் துறையில் தமிழுக்குரிய இடத்தை வலியுறுத்தித் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி எழுதினார்; 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். துறை 1956-இல் தொடங்கியது. பின்னர்க் கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது. அங்கே பேராசிரியராக இருந்த தனிநாயக அடிகள் 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியதை அனைவரும் அறிவர். அதே 1966-இல் அவர் தமிழியல் நூல்களுக்கான ஒரு வழிகாட்டி அடைவையும் வெளியிட்டார். 1679-இல் அச்சான அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்துப் படியிலிருந்து மறுபதிப்புக்கு ஆயத்தம் செய்தவரும் அவரே. அந்நூலகத்தில் அப்படி காக்கப்படாமலிருந்தால் தமிழ் அகராதியியல் வரலாற்றின் ஓர் அதிகாரமே நமக்கு இல்லாமற் போயிருக்கும்.

மூன்றாண்டுகள் கழித்து, 1969-இல், மலாயாப் பல்கலைக்கழக நூலகம் ஒரு பட்டியலை வெளியிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்கள், இதழ்கள் ஆகியவற்றை இராம. சுப்பையா அதில் தொகுத்திருந்தார். அவர் அதற்கு முன் 1966-இல் கீழ்ப் பேராக் பகுதியின் தமிழ்க் கிளைமொழிச் சொற்களைப் பற்றி ஒரு மொழியியல் ஆய்வு வெளியிட்டவர். மொழியியலாராகிய நாம் நெடுங்காலம் முதல் நூலையே அவருடைய 'ஆய்வு' என்று கருதினோம். பட்டியலை அதற்கான கருவி என்று நினைத்தோம். இன்று எண்ணிப் பார்க்கையில், இரண்டும் ஒரே உழைப்பின் இரு வடிவங்கள் என்றே தோன்றுகிறது. ஒன்றில் அவர் தோட்டத் தொழிலாளரின் சொற்களைத் திரட்டினார். மற்றொன்றில் அதே மக்களுக்காக அச்சான நூல்களைத் திரட்டினார்.

2. பட்டியலிடுதலின் மொழியியல்

நூற்பட்டியல் செய்வது எழுத்தர் வேலை, முகப்பைப் பார்த்து எழுதிவிடலாம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. தமிழைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் முற்றும் பிழையானது. மூன்று எடுத்துக்காட்டுகள் காட்டுவோம்.

முதலாவது எழுத்துப்பெயர்ப்பு. உலக நூலகங்கள் பலவும் தமிழ்த் தலைப்புகளை உரோமன் எழுத்தில் பதிகின்றன. அதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறையே அடிப்படை. அம்முறை தமிழ் எழுத்தைப் பின்பற்றும், ஒலிப்பைப் பின்பற்றாது. எனவே 'சிங்கை நேசன்' என்பது ஆங்கில நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்தில் தொடங்கும். சிங்கப்பூர்ச் செய்தியாளரோ ஒலிப்பை ஒட்டிப் பத்தொன்பதாம் எழுத்தில் தொடங்கி எழுதியிருப்பார். ஒரே இதழ் இரண்டு இடங்களில் கிடக்கும். இரண்டும் ஒன்றே என்று இணைத்துக் காட்டுபவர், தமிழில் வல்லெழுத்தின் ஒலிப்பு இடத்துக்கேற்ப வேறுபடும் என்பதை அறிந்தவராக இருத்தல் வேண்டும். அது எழுத்திலக்கண அறிவு.

இரண்டாவது பெயர். தமிழருக்குக் குடும்பப் பெயர் மரபு பெரும்பாலும் இல்லை. முன்னெழுத்து ஊரையும் தந்தையையும் குறிக்கும். நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதனின் முன்னெழுத்துகள் சீர்காழியையும் தந்தை இராமாமிர்தத்தையும் குறிக்கின்றன. அரங்கநாதன் என்பதே அவருடைய சொந்தப் பெயர். மேலைநாட்டு விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் கடைசிப் பெயர் குடும்பப் பெயராகும். தந்தையும் மகனும் மயங்குவர். சிங்கப்பூரில் இச்சிக்கல் இன்னும் கடுமையானது. முஸ்லிம் பெயரின் அரபு மூலம், அதன் தமிழ் எழுத்து வடிவம், அடையாள அட்டையில் உள்ள ஆங்கில வடிவம் என ஒருவருக்கே மூன்று பெயர்கள் அமையும். மகுதூம் சாயபுவின் பெயரே அதற்குச் சான்று.

மூன்றாவது புனைபெயர். சொ. விருத்தாசலமும் புதுமைப்பித்தனும் ஒருவரே என்பதை யாவரும் அறிவோம். ஆனால் ஐம்பதுகளில் இங்குள்ள ஞாயிறு மலர்களில் புனைபெயரில் கதை எழுதிய ஆசிரியர், துறைமுகத் தொழிலாளர், கடைக்கணக்கர் ஆகியோரை யார் அறிவார்? அவர்தம் இயற்பெயரோடு புனைபெயரை இணைக்கும் ஒரு வரிப் பதிவுக்குப் பின்னால் நேர்காணலும், இதழ்களை ஒப்பிடுதலும், குடும்பத்தாரைத் தேடிச் செல்லுதலும் இருக்கும். அந்த ஒரு வரியில் ஆய்வுக் கட்டுரைக்குரிய உழைப்பு உண்டு. ஆனால் அதன் கீழ் எவர் பெயரும் இருப்பதில்லை. பதவி மதிப்பீட்டின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

3. சென்னையில் எழுந்த கேள்வி

1924-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகராக ஒரு கணித ஆசிரியரை அமர்த்தியது. மாநிலக் கல்லூரியில் கற்பித்துவந்த அரங்கநாதனே அவர். வகுப்பறையின் உயிரோட்டத்துக்குப் பழகிய அவருக்கு நூலகத்தின் தனிமை தாங்கவொண்ணாததாயிற்று. கல்லூரிக்கே திரும்ப விரும்பினார். முதலில் இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வருக, அதன் பின்னும் மனம் மாறாவிடில் திரும்பலாம் என்ற ஏற்பாட்டின் பேரில் அனுப்பப்பட்டார். 1925-இல் திரும்பியபோது அவர் மனம் மாறியிருந்தது. பூட்டிய அடுக்குகளைப் படிப்போருக்குத் திறந்துவிட்டார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. நூலகவியலின் ஐந்து விதிகள் பற்றிய அவர் நூல் 1931-இலும், கோலன் பகுப்புமுறை 1933-இலும் வெளிவந்தன. 1948-இன் சென்னைப் பொது நூலகச் சட்டம் அவர் முயற்சியின் பயன்.

இவ்வரலாற்றில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கற்பித்தல் உயர்ந்தது, நூலகப் பணி தாழ்ந்தது என்ற எண்ணத்தோடு அவரே வந்தார். பின்னர் அவ்விரண்டும் ஒன்றே என்ற முடிவுக்கு வந்தார். ஒவ்வொரு நூலும் தனக்குரிய படிப்பாளரை அடையவேண்டும், படிப்பாளரின் காலம் வீணாதலாகாது என்னும் பொருள்பட அவர் வகுத்த விதிகள் கற்பித்தலின் விதிகளும் ஆகும்.

1957-இல் இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த நூலகக் குழுவுக்கு அரங்கநாதன் தலைமை தாங்கினார். பல்கலைக்கழக, கல்லூரி நூலகர்க்கு ஆசிரியரோடு ஒத்த தகுதியும் ஊதியமும் வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கமும் அமெரிக்கப் பேராசிரியர் சங்கமும் பிறரும் நூலகரின் ஆசிரியத் தகுதி பற்றிய கூட்டறிக்கையை உருவாக்கியது 1972-இல்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தியாவில் இக்கருத்து எழுத்தில் வந்துவிட்டது. இன்று இந்தியாவில் உதவி நூலகருக்கு உதவிப் பேராசிரியருக்குரிய ஊதிய வரிசையும், தேசியத் தகுதித் தேர்வு என்னும் நுழைவாயிலும் உண்டு.

4. கோல் பிழைத்தால்

தகுதி ஒன்றாயிற்று, அளவுகோல்? மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளில் நூலகரை மதிப்பிடும் அட்டவணை உள்ளது. நூலகத்துக்கு வந்த நாள்கள் 90 விழுக்காட்டுக்கு மேலிருந்தால் நன்று. கருத்தரங்கு நடத்தினாரா, பட்டியல் கணினியில் ஏறியதா என்பனவும் பார்க்கப்படும். இருப்பைச் சரிபார்த்து, தொலைந்த நூல்கள் 0.5 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் அதுவும் நன்று.

இவற்றுள் எதுவும் தன்னளவில் தவறன்று. பொதுப்பணத்தில் வாங்கிய நூலுக்குக் கணக்கு வேண்டும். ஆயினும் எண்ணிப் பாருங்கள்: நூல் தொலையாமல் காக்க எளிய வழி எது? அடுக்கைப் பூட்டுவது. அரங்கநாதன் திறந்துவிட்ட கதவை இக்கோல் மெல்லச் சாத்தத் தூண்டும். நூல் பயன்பட்டதா என்று கேட்காமல், நூல் இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் கோல், நூலகரைக் காவலராக்கிவிடும்.

அமெரிக்க வழியில் வேறொரு பிழை நேரலாம். அங்குப் பேராசிரியர் சங்கத்தின் 1940-ஆம் ஆண்டுக் கொள்கையறிக்கை தேர்வுக்காலம் ஏழாண்டுக்கு மேற்படலாகாது என்றது. நிலைப்பேற்றின் நோக்கம் பணிப் பாதுகாப்பு மட்டுமன்று. அஞ்சாது கற்பிக்கவும் எழுதவும் உரிமை வேண்டும் என்பதே அடிப்படை. நூலகருக்கும் இவ்வுரிமை தேவையே. எந்த நூலை வாங்குவது, எதிர்ப்பு எழுந்தாலும் எதை அடுக்கில் வைத்திருப்பது என்று முடிவு செய்பவர் அவரல்லவா? ஆனால் நிலைப்பேற்றுடன் பேராசிரியருக்குரிய கோலும் வந்து சேர்ந்தது. பல பல்கலைக்கழகங்களில் நூலகரும் கட்டுரை எழுதியாக வேண்டும். கட்டுரை எழுதும் நேரம் படிப்போருக்குரிய நேரத்திலிருந்தே எடுக்கப்படும் என்பது இம்முறையை மறுப்பவர் வாதம். எழுதாத துறை வளராது என்பது ஆதரிப்பவர் வாதம். இரண்டிலும் உண்மையுண்டு.

சமுதாயக் கல்லூரிகள் இங்கே நமக்குப் பயனுள்ள ஒரு பாதையைக் காட்டுகின்றன. அவை கற்பித்தலை முதன்மையாகக் கொண்டவை. கலிபோர்னிய மாநிலத்தில் அக்கல்லூரிகளின் நூலகர் ஆசிரியர் குழுவினராகவே கொள்ளப்படுகிறார். நான்காண்டுத் தேர்வுக்காலத்தில் அவரைச் சக ஆசிரியர் மதிப்பிடுகின்றனர். மாணவர்க்கு அவர் நடத்தும் வகுப்பைக் காண்கின்றனர். தேடி வந்த மாணவரின் கேள்வியை அவர் எவ்வாறு தெளிவுபடுத்துகிறார் என்று பார்க்கின்றனர். 1990-இல் எர்னஸ்ட் பாயர், புலமை என்பது கண்டுபிடித்தல் மட்டுமன்று, இணைத்தல், பயன்படுத்தல், கற்பித்தல் ஆகியவையும் புலமையே என்று வாதிட்டார். அந்நான்கனுள் 'இணைத்தல்' என்பதற்கு, சிதறிக் கிடந்த நூல்களையும் பெயர்களையும் ஒன்றாக்கும் பட்டியலைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டோ?

5. சிங்கப்பூரின் நிலை

1953-இல் லீ கோங் சியன் பொது நூலகத்துக்கு 375,000 வெள்ளி நன்கொடை அளிக்க முன்வந்தபோது, நூலகம் கட்டணமின்றி இயங்க வேண்டும், ஆசிய மொழி நூல்களையும் வளர்க்க வேண்டும் என்று வேண்டினார். அதன் பயனாக 1960-இல் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் செங்கல் கட்டடம் திறக்கப்பட்டது. ஆங்கில நூல்களையே முதன்மையாகக் கொண்டிருந்த பழைய ராஃபிள்ஸ் நூலகம், நான்கு மொழி நூலகமாயிற்று. பல்கலைக்கழக நூலகத்தில் பணி தொடங்கிய ஹெட்விக் அனுவார் 1965 முதல் 1988 வரை தேசிய நூலகத்தின் இயக்குநராக அதனை வளர்த்தார். 1995-இல் தேசிய நூலக வாரியம் அமைந்தது. 2005-இல் விக்டோரியா ஸ்திரீட்டில் இன்றைய கட்டடம் திறக்கப்பட்டது.

தமிழைப் பொறுத்தவரை இன்னொரு செய்தி குறிப்பிடத்தக்கது. 1990-களில் நா. கோவிந்தசாமி முதலியோர் தமிழை இணையத்தில் ஏற்றினர். 1997-இல் தமிழ் இணைய மாநாடு இங்கு நடந்தது. அவ்வடித்தளத்தின் மேல், அருண் மகிழ்நன் முன்னின்ற தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின் வழி, சுதந்திரச் சிங்கப்பூரின் ஐம்பதாண்டுத் தமிழ் இலக்கிய நூல்கள் 2015-இல் மின்வடிவில் வந்தன. தொண்டூழியர் பலர் மெய்ப்புப் பார்த்தனர். எழுத்தாளர் உரிமை வழங்கினர். நூலகர் பதிவு செய்தனர். விழா மேடையில் எழுத்தாளர் பெயர் ஒலித்தது. அதுவே முறை. பதிவு செய்தவரின் பெயர் ஒலிக்கவில்லை, அதுவும் வழக்கமே.

சிங்கப்பூரின் பல்கலைக்கழகங்களிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் நூலகர் தனித் தொழில்முறைப் பணியாளர்; பேராசிரியர் வரிசையில் இல்லை. அமெரிக்க நிலைப்பேற்று முறையை அப்படியே இங்கு இறக்குமதி செய்க என்று நாம் வேண்டவில்லை. பதவியின் பெயரைவிட, மதிப்பிடும்போது எதைப் பார்க்கிறோம் என்பதே முதன்மையானது. அதனை நம் சொந்தப் பிழையொன்றின் வழி விளக்குவோம்.

6. நாம் இட்ட கையொப்பம்

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் உயர்கல்வி நிறுவனம், தன் நூலகத்தில் தமிழ் நூல்களைக் கவனித்துவந்த ஒருவரின் பதவி உயர்வு குறித்து வெளி மதிப்பீட்டாளராக நம் கருத்தைக் கேட்டது. படிவம் வந்தது. ஆய்வுக் கட்டுரைகள், மாநாட்டு உரைகள், பெற்ற நிதி என மூன்று கட்டங்கள். மூன்றிலும் அவர் எழுத ஒன்றுமில்லை. இணைப்பாக ஒரு பட்டியலை அனுப்பியிருந்தார். பழைய சிற்றேடுகள், கோயில் விழா மலர்கள், சங்க ஆண்டறிக்கைகள், பள்ளி இதழ்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பதிந்து, அச்சகங்களின் முகவரியையும் ஆசிரியர்களின் புனைபெயரையும் குறித்திருந்தார்.

நாம் அப்பட்டியலைப் புரட்டினோம். நன்று என்று மனத்துள் சொல்லிக்கொண்டோம். ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை. 'ஆய்வு வெளியீடு போதாது' என்று எழுதிக் கையொப்பமிட்டோம். அவர் உயர்வு பெறவில்லை. அடுத்த ஆண்டு வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார். பட்டியல் நின்ற இடத்திலேயே நின்றது.

சில ஆண்டுகள் கழித்துச் சிங்கப்பூர்த் தமிழில் மலாய்க் கடன்சொற்கள் குறித்து ஒரு கட்டுரை எழுதினோம். அதற்கு வேண்டிய விழா மலர்களை அப்பட்டியலின் துணைகொண்டே கண்டெடுத்தோம். அக்கட்டுரை நம் வெளியீட்டுப் பட்டியலில் ஏறியது. அதனை எழுதி முடித்த இரவில்தான் செய்ததன் பொருள் நமக்கு விளங்கியது. அவருடைய உழைப்பு நம் பெயரின் கீழ் புலமையாயிற்று. அவர் பெயரின் கீழ் அது எதுவுமாகவில்லை. படிவத்தைக் குறைகூறித் தப்பலாம். ஆனால் படிவத்தின் அடியில் இருந்தது நம் கையொப்பம். ஒரு பக்கம் கூடுதலாக எழுதி இணைத்திருக்க இயலும், செய்யவில்லை.

7. பார்க்க வேண்டியவை

அப்படிவம் இன்று மீண்டும் நம்மிடம் வந்தால் நான்கு கேள்விகளைக் கேட்போம்.

முதலாவது: இவர் பொறுப்பேற்றபின் கண்டெடுக்கத்தக்கதாக ஆனது எது? எத்தனை நூல் வாங்கினார் என்பதன்று கேள்வி. முன்பு தேடினால் கிடைக்காத எது இன்று கிடைக்கிறது என்பதே. இதனை மாதிரிப் பதிவுகள் சிலவற்றைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு ஒரு பிற்பகலில் அறிந்துகொள்ளலாம்.

இரண்டாவது: இவருடைய முடிவுகளுக்குப் புலமைக் காரணம் உண்டா? ஒரு பெயரை ஏன் இவ்வடிவில் பதிந்தார், ஒரு தொகுப்பை ஏன் வாங்கினார், ஒன்றை ஏன் தவிர்த்தார் என்று கேட்டால் விளக்க வல்லவராக இருத்தல் வேண்டும். இதனை மதிப்பிடத் தமிழறிந்த ஒருவரும் நூலகவியல் அறிந்த ஒருவரும் சேர்ந்து அமர வேண்டும். தமிழ் அறியாத குழு, பிழையற்ற பதிவையும் பிழை மலிந்த பதிவையும் வேறுபடுத்தாது.

மூன்றாவது: எவர் இவரால் கற்றனர்? ஆய்வேடுகளின் நன்றியுரைகள், மாணவர் கடிதங்கள், நடத்திய வகுப்புகள் ஆகியவை சான்றாகும். மாணவர் கேட்ட நூலை எடுத்துக் கொடுப்பது ஒரு பணி. கேட்கத் தெரியாத நூலைக் கேட்கக் கற்றுக்கொடுப்பது ஆசிரியப் பணி.

நான்காவது: இவர் சென்றபின் என்ன நிற்கும்? அடுத்து வருபவர் தொடரும்படி விதிகளையும் குறிப்புகளையும் எழுதி வைத்திருக்கிறாரா? கட்டுரை எண்ணிக்கையைவிட இது கடினமான தேர்வு.

இம்முறையிலும் குறையுண்டு. இதற்கு நேரமாகும், எண்ணாக மாற்றுவது எளிதன்று, நண்பரை உயர்த்தவும் வேண்டாதவரைத் தாழ்த்தவும் இடம் தரும். அதனால்தான் குழுவில் ஒருவருக்கு மேற்பட்டோர் வேண்டும், காரணங்களை எழுத்தில் தரவேண்டும் என்கிறோம். எண்ணால் அளப்பதில் சார்பில்லை என்று நினைப்பதும் மயக்கமே. எதை எண்ணுவது என்று முடிவு செய்யும்போதே சார்பு நுழைந்துவிடுகிறது.

8. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

இதில் நமக்கு என்ன என்று ஆசிரியர் கேட்கலாம். சிங்கப்பூரில் தமிழ் படித்த இளையர்முன் உள்ள வழிகளுள் ஆசிரியப் பணி, ஊடகம், மொழிபெயர்ப்பு ஆகியவற்றை நாம் எடுத்துரைக்கிறோம். நூலகப் பணியை அரிதாகவே கூறுகிறோம். உயர்வில்லாத பணி என்று கருதப்பட்டால் தமிழில் ஆழ்ந்த பயிற்சியுள்ளவர் அதனை நாடார். நாடாவிடில், நாளை இங்கு வெளியாகும் தமிழ் நூலின் முகப்பைப் படித்துப் பொருளுணர்ந்து பதிய எவர் இருப்பார்? கணினி எழுத்தை அடையாளம் காணலாம். புனைபெயருக்குப் பின்னுள்ள கடைக்கணக்கரை அது தானாகத் தேடிச் செல்லாது.

மாணவர்க்கு ஒரு சிறு பணி சொல்வோம். அடுத்த முறை தேசிய நூலகத்துக்குச் செல்லும்போது, சிங்கப்பூரில் அச்சான ஒரு பழைய தமிழ் நூலைத் தேர்ந்தெடுங்கள். அதன் முகப்பை நீங்களே படித்து ஒரு பதிவை எழுதுங்கள்: ஆசிரியர், தலைப்பு, அச்சகம், இடம், ஆண்டு, பொருள். பின்னர் நூலகத்தின் பதிவோடு ஒப்பிடுங்கள். தமிழ் ஆண்டுப் பெயரிலிருந்து ஆங்கில ஆண்டைக் கணிப்பதிலேயே முதல் ஐயம் எழும். அந்த ஐயத்தோடு உதவி மேசைக்குச் சென்று கேளுங்கள். கிடைக்கும் விடையைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டுரையின் நன்றியுரையில் விடை தந்தவரின் பெயரையும் எழுதுங்கள். பதவி உயர்வுப் படிவத்தில் இணைக்கத்தக்க சான்றாக அவருக்கு அது அமையக்கூடும்.

நாம் மதிப்பிட்டவரின் பட்டியலை, அதனைத் தொகுத்தவர் பெயரோடு குறிப்பிட்டு, நம் கட்டுரையின் மறுபதிப்பில் ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்தோம். காலங்கடந்த செயல்தான். அவர் பதவியை அது மாற்றவில்லை. ஆயினும் அப்பட்டியலைத் தேடி வருவோர் இனி அவர் பெயரையும் காண்பர்.